அயர்லாந்தின் பழைய தெய்வங்கள் எங்கே போயின?

கேள்வி இதுதான்: அயர்லாந்து ஆயிரத்து ஐந்நூறு வருஷமாகக் கிறிஸ்தவ நாடு, அதுவும் அழுத்தமான கத்தோலிக்க நாடு. அப்புறம் எப்படி அங்கே இத்தனை மாயக் கதைகளும் பழைய தெய்வங்களின் பெயர்களும் மிஞ்சின? திருச்சபை அவற்றை அழிக்கவில்லையா? ஐரிஷ் மொழி தேய்ந்துபோனதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. அந்தத் தொடர்பைத்தான் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை, அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன். திருச்சபை அந்தக் கதைகளை அழிக்கவில்லை. இன்று நம் கையில் இருக்கும் பழைய ஐரிஷ் கதைகளில் அனேகமாக எல்லாவற்றையும் எழுதிவைத்தவர்களே துறவிகளும் மடங்களில் படித்தவர்களும்தான். கிராமத்து நம்பிக்கைகளும் ஜெபமாலையும் ஒரே வீட்டில் ஆயிரம் வருஷத்துக்கு மேல் குடியிருந்தன. அந்த வீட்டை உலுக்கியது 19ஆம் நூற்றாண்டு. அப்போதுதான் ஜனங்கள் பேசும் மொழியே மாறியது, மொழி போன வீட்டிலிருந்து கதைகளும் ஒவ்வொன்றாக வெளியேறின.

அயர்லாந்துக்குக் கிறிஸ்தவத்தைக் கொண்டுவந்தவர் என்று சொல்லப்படும் புனித பாட்ரிக்கை முதலில் பேசி முடித்துவிடலாம். 5ஆம் நூற்றாண்டு, ரோமானிய பிரிட்டனில் பிறந்தவர். பதினாறு வயதுவாக்கில் ஐரிஷ் கொள்ளைக்காரர்கள் பிடித்துக்கொண்டு போக, ஆறு வருஷம் அடிமையாக ஆடுமாடு மேய்த்து, தப்பியோடி ஊர் சேர்ந்து, பிறகு ஆயராக அதே நாட்டுக்குத் திரும்பி வந்தவர். அவரே லத்தீனில் எழுதிய இரண்டு ஆவணங்கள் இன்றும் இருக்கின்றன. பாம்பை விரட்டிய கதை அதில் இல்லை, மூன்று இலைத் தழையை வைத்து திரித்துவத்தை விளக்கிய கதையும் இல்லை. "பாம்பு என்பது ட்ரூயிட் பூசாரிகளுக்கு உருவகம், அவர்களைக் கொன்று குவித்ததைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்" என்று அவருடைய திருநாளான மார்ச் 17 அன்று ஒவ்வொரு வருஷமும் யாராவது எழுதுகிறார்கள். தயவுசெய்து நம்பாதீர்கள். அயர்லாந்தில் பாம்பே இல்லை என்று 3ஆம் நூற்றாண்டு ரோமானிய எழுத்தாளர் சொலினஸ், பாட்ரிக் பிறப்பதற்கு முன்பே எழுதிவைத்திருக்கிறார். அதோடு பாட்ரிக்தான் முதல் ஆளும் இல்லை. 431ஆம் ஆண்டிலேயே "கிறிஸ்துவை நம்பும் ஐரிஷ்காரர்களுக்கு" ஆயராகப் பல்லாடியஸ் என்பவரைப் போப் அனுப்பியிருக்கிறார், அதாவது அனுப்பும்போதே அங்கே விசுவாசிகள் இருந்திருக்கிறார்கள். மதமாற்றம் ஒரே நாளில் நடக்கவில்லை, வாளாலும் நடக்கவில்லை. இரண்டு மூன்று தலைமுறை மெல்ல மெல்ல நடந்தது, அந்த மெதுவான போக்குதான் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் அடிப்படை.

சரி, துறவிகளுக்கு வருவோம். கிறிஸ்தவத்துக்கு முன்னால் அயர்லாந்தில் இருந்த ஒரே எழுத்து ஓகம். கல்லின் விளிம்பில் கோடு கோடாக வெட்டுவார்கள். சுமார் நானூறு கற்கள் கிடைத்திருக்கின்றன, பெரும்பாலும் "இன்னாரின் மகன் இன்னார்" என்ற அளவோடு நின்றுவிடுகின்றன. கதை எழுதுவதற்கு அது உதவாது. மடங்கள் வந்த பிறகு லத்தீன் எழுத்து வந்தது, லத்தீனைக் கற்ற கையோடு தங்கள் தாய்மொழியையும் அதே எழுத்தில் எழுத ஆரம்பித்தார்கள். லத்தீன் இலக்கணப் புத்தகத்தின் ஓரத்தில் ஐரிஷில் பொருள் எழுதுவார்கள், நடுநடுவே மனதில் பட்டதையும் எழுதுவார்கள். சுவிட்சர்லாந்தின் சங்க்ட் காலன் மடத்தில் இருக்கும் 9ஆம் நூற்றாண்டு ஏடு ஒன்றில், இன்றைய இரவு காற்று கடுமையாக வீசுகிறது, கடலின் வெள்ளை முடியைக் கலைத்துப் போடுகிறது, அதனால் வைக்கிங் கொள்ளைக்காரர்கள் வரமாட்டார்கள் என்று ஒருவர் நான்கு வரி எழுதியிருக்கிறார். புயலைப் பார்த்து நிம்மதியாகத் தூங்கப் போன மனிதர். இந்த மாதிரி ஓரக்குறிப்புகளைச் சேர்த்துத்தான் ஜெர்மனிக்காரரான சோய்ஸ் 1853இல் பழைய ஐரிஷின் இலக்கணத்தை மீட்டெடுத்தார். மூன்று வருஷம் கழித்து, 1856இல், திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வெளிவந்தது. அதை எழுதிய கால்டுவெல் பிறந்தது அயர்லாந்தின் ஆன்ட்ரிம் மாவட்டத்தில் என்பது நம்மில் பலருக்கு நினைவிருப்பதில்லை.

அந்தத் துறவிகள் பழைய தெய்வக் கதைகளை எழுதும்போது மனசுக்குள் என்ன ஓடியது? இதற்கு நேரடியான சாட்சி இருக்கிறது. எனக்கு இந்த விஷயம் முழுவதிலும் மிகப் பிடித்த இடம் அதுதான். 12ஆம் நூற்றாண்டின் லெய்ன்ஸ்டர் ஏட்டில் 'டாய்ன்' என்ற மாட்டுக் கவர்தல் காவியம் முடியும் இடத்தில் இரண்டு குறிப்புகள் இருக்கின்றன. முதலாவது ஐரிஷில்: இந்தக் கதையை இதே வடிவில் எதையும் சேர்க்காமல் மனப்பாடம் செய்கிறவர் எவரோ அவருக்கு ஆசீர்வாதம். அடுத்தது லத்தீனில்: இதை எழுதிய நான் இதிலுள்ள பலவற்றை நம்பவில்லை, சில பேய்களின் ஏமாற்று, சில புலவர்களின் கற்பனை, சில மூடர்களின் பொழுதுபோக்குக்கு ஆனவை. ஒரே பக்கத்தில் இரண்டும். ஐரிஷில் கதைசொல்லியாகப் பேசுகிறது, லத்தீனுக்கு மாறியதும் திருச்சபையின் படிப்பாளியாகப் பேசுகிறது. இந்த இரட்டை மனசை யாரும் கபடம் என்று சொல்லிவிடக்கூடாது. நம்பாத ஒன்றை ஒரு வரி பிசகாமல் தோலில் எழுதிக் காப்பாற்ற எத்தனை நாள் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

கொஞ்சம் பிந்தி, ஏறத்தாழ 1200இல் எழுதப்பட்ட இன்னொரு பெரிய கதைக்கோவை இதைவிட நேராகப் போகிறது. அதில் ஃபின் மக் கூல் என்ற பழைய வீரனின் படையில் மிச்சமிருந்த கிழவர்கள் எப்படியோ பாட்ரிக்கின் காலம்வரை உயிரோடிருந்து அவரைச் சந்திக்கிறார்கள். அவர்கள் கதை சொல்லச் சொல்லப் பாட்ரிக்குக்குக் கேட்கக் கேட்க ஆசை, ஆனால் ஜெபத்துக்கு இடைஞ்சலாகிறதே என்ற உறுத்தல். அன்று அவருடைய காவல் தேவதூதர்கள் இருவர் வந்து, கேட்டது மட்டும் போதாது, எழுதியும் வை, இந்தக் கதைகள் கடைசிக் காலம்வரை ஜனங்களுக்கு இன்பம் தரும் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். கதையைக் காப்பாற்ற வானத்திலிருந்தே அனுமதி வாங்கிவிட்டார்கள்.

மொழிக்குள்ளும் இதே குடித்தனம்தான். ஐரிஷ் நாட்காட்டியில் மே மாதத்தின் பெயர் பியால்டனா, ஆகஸ்ட் லூனஸா, நவம்பர் சவ்வின். மூன்றும் கிறிஸ்தவத்துக்கு முந்தைய பருவத் திருவிழாக்களின் பெயர்கள், லூனஸாவில் லூ என்ற தெய்வத்தின் பெயரே உட்கார்ந்திருக்கிறது. அதே நாட்காட்டியில் கிழமைகளைப் பாருங்கள்: புதன் என்றால் 'முதல் உபவாசம்', வெள்ளி என்றால் 'உபவாசம்', நடுவில் வியாழனுக்குப் பெயர் 'இரண்டு உபவாசங்களுக்கு இடைப்பட்ட நாள்'. மடத்துக்காரர்களின் நோன்பு அட்டவணை அப்படியே வாரத்தின் பெயராகிவிட்டது. மாதம் பழைய தெய்வத்துடையது, கிழமை துறவியுடையது, பேசுகிறவருக்கு இரண்டும் வெறும் தேதி. யாரையாவது பார்த்து வணக்கம் சொல்ல வேண்டுமானால் 'கடவுள் உனக்கு' என்பார்கள், பதிலுக்கு 'கடவுளும் மரியாளும் உனக்கு' என்று ஒரு பெயர் கூட்டிச் சொல்ல வேண்டும். மதநம்பிக்கையே இல்லாத இளைஞர்களும் இன்றைக்கு ஐரிஷ் வகுப்பில் முதல் பாடமாக இதைத்தான் படிக்கிறார்கள்.

பிரிகிட் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் "அவர் தெய்வமா, புனிதரா" என்பதுதான் எல்லோரும் கேட்பது. பிப்ரவரி 1 அவருடைய நாள், குளிர்காலம் முடிந்து பருவம் திரும்பும் இம்போல்க் என்ற பழைய நாளும் அதுவே. 7ஆம் நூற்றாண்டில் கொகிடோசஸ் என்பவர் லத்தீனில் எழுதிய வரலாற்றில் பிரிகிட் கில்டேர் மடத்தின் தலைவி. குளிக்க வைத்திருந்த தண்ணீரைப் பீராக்குகிறார், நனைந்த அங்கியை வெயில் கதிரின்மேல் கொடி என்று நினைத்துக் காயப்போடுகிறார், அது விழாமல் தொங்குகிறது. ஏறத்தாழ 900ஐச் சேர்ந்த ஒரு சொற்பொருள் ஏடு, பிரிகிட் என்பவள் புலவர்கள் வணங்கிய தெய்வம், தக்டா என்ற பெருந்தெய்வத்தின் மகள், அதே பெயரில் வைத்தியத்துக்கு ஒரு சகோதரி, கொல்வேலைக்கு ஒரு சகோதரி என்கிறது. பெயரின் பொருள் 'உயர்ந்தவள்'. 12ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே போய்வந்த வேல்ஸ்காரரான ஜெரால்ட், கில்டேரில் அணையாத நெருப்பு ஒன்றைப் பத்தொன்பது கன்னியர்கள் இரவுக்கு ஒருவராகக் காக்கிறார்கள், இருபதாவது இரவு விறகை அடுக்கிவிட்டு "பிரிகிட், இது உங்கள் முறை" என்று சொல்லிப் போய்விடுவார்கள், காலையில் நெருப்பு அணையாமல் இருக்கும், ஆண்கள் அதன் வேலிக்குள் நுழையக்கூடாது என்று எழுதினார்.

இதை வைத்து "திருச்சபை ஒரு தெய்வத்தைத் திருடிப் புனிதராக்கிவிட்டது" என்று சொல்வது இப்போது பழக்கமாகிவிட்டது. எனக்கு அது சரியாகப் படவில்லை. தெய்வத்தைப் பற்றிச் சொல்லும் ஏடு, புனிதரின் வரலாற்றைவிட இருநூறு வருஷத்துக்கு மேல் பிந்தியது, அதை எழுதியதும் திருச்சபையைச் சேர்ந்த கைதான். நெருப்பைப் பற்றிய சாட்சியம் ஐந்நூறு வருஷம் பிந்தியது. என் கருத்து என்னவென்றால், கில்டேரில் செல்வாக்குள்ள ஒரு மடத்துத் தலைவி உண்மையிலேயே இருந்திருக்க வேண்டும். தெய்வத்தின் பெயரை அவருக்கு வைத்தார்களோ, தெய்வத்தின் புகழ் பிறகு அவர்மேல் வந்து சேர்ந்ததோ, ஜனங்கள் இரண்டையும் பிரித்துப் பார்க்கவேயில்லை. 'கெல்டிக் கிறிஸ்தவம்' என்று ரோமுக்கு அடங்காத, இயற்கையை வழிபட்ட தனி மதம் ஒன்று இருந்தது என்பதும் இதே வகைதான். ஈஸ்டர் தேதியைக் கணக்கிடும் முறையிலும் தலைமுடி சிரைக்கும் முறையிலும் சண்டை இருந்தது உண்மை, ஆனால் அவர்கள் தங்களை முழு லத்தீன் திருச்சபையின் பிள்ளைகளாகவே நினைத்தார்கள்.

ஏட்டை மூடிவிட்டு நேரில் பார்க்கப் போனால் இது வேறு மாதிரிப் புரியும். கிளேர் மாவட்டத்தில், மோஹர் செங்குத்துப் பாறைகளுக்குப் போகும் வழியில், லிஸ்கானர் என்ற ஊருக்குப் பக்கத்தில் சாலையோரமாகப் பிரிகிட்டின் கிணறு இருக்கிறது. கிணறு என்றதும் நம் ஊர்க் கிணறு மாதிரி நினைக்காதீர்கள், அது ஊற்று. குறுகலான ஒரு கல் நடைக்குள் குனிந்த மாதிரி போக வேண்டும். இரண்டு பக்கச் சுவரிலும் இடம் தெரியாமல் மரியாள் சிலைகள், ஜெபமாலைகள், பிளாஸ்டிக் பூ, குழந்தைகளின் புகைப்படம், செத்துப்போனவர்களின் நினைவு அட்டை. ஈரத்தில் அட்டைகள் ஊறி முகங்கள் பாதி அழிந்திருந்தன. கடைசியில் இருட்டில் தண்ணீர் கொட்டும் சத்தம், எட்டிப் பார்த்தால் தொட்டி. நான் போன அன்று ஒரு வயதான அம்மா தண்ணீரைக் கைக்குட்டையில் நனைத்துப் பக்கத்தில் நின்ற தன் மகளின் கழுத்தில் ஒற்றிவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் வெளியே போனார். அவரிடம் போய் இது தெய்வமா புனிதரா என்று கேட்டால் என்ன பதில் வரும்?

இந்த மாதிரிக் கிணறுகள் நாடு முழுக்க ஏறக்குறைய மூவாயிரம் இருக்கின்றன. புனிதரின் நாளில் ஜனங்கள் கூடி, சூரியன் போகும் திசையில் இத்தனை சுற்று என்று ஜெபம் சொல்லிக்கொண்டு வலம் வருவார்கள். சுற்றுக் கணக்குத் தப்பாமலிருக்கக் கூழாங்கல்லை ஒவ்வொன்றாக வைப்பார்கள், பக்கத்து மரத்தில் துணிக்கிழிசலைக் கட்டுவார்கள், துணி இற்றுப்போகும்போது நோயும் போகும் என்பது நம்பிக்கை.

கிணறு புனிதர்களுடையது, மேடு மற்றவர்களுடையது. ஐரிஷில் 'ஷீ' என்ற சொல்லுக்கு முதல் அர்த்தமே மேடு. பழைய தெய்வ இனமான தூஹா டே டனன், மனிதர்களிடம் தோற்று நிலத்துக்கு அடியில் மேடுகளுக்குள் போய்விட்டார்கள் என்பது கதை. 'பான்ஷீ' என்று சினிமாவில் அலறுகிற உருவம் வேறொன்றுமில்லை, 'மேட்டுப் பெண்'. பழைய குடும்பங்களில் ஒருவர் சாகப்போகும்போது அழுகிறவள். சிறகு வைத்த குட்டி உருவங்களை மறந்துவிடுங்கள், அவை பின்னால் வெளியிலிருந்து வந்த படங்கள். ஐரிஷ் கிராமத்து மேட்டு ஜனங்கள் மனிதர் அளவே இருப்பார்கள், ஆடுமாடு வைத்திருப்பார்கள், பந்து விளையாடுவார்கள், கோபம் வந்தால் ஆளைக் கொண்டுபோய்விடுவார்கள். பெயர் சொன்னால் காதில் விழும் என்று 'நல்ல ஜனங்கள்' என்றுதான் சொல்வார்கள். வயல்களில் வட்டமான மண்கரைகள் நாற்பதாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. தொல்லியல்படி அவை பெரும்பாலும் முதல் ஆயிரத்தாண்டின் பிற்பாதியில் விவசாயிகள் வீட்டைச் சுற்றிப் போட்ட கரை. ஊர்க்காரர்களுக்கு அது அவர்கள் இருக்கும் இடம், ஏர் அங்கே போகாது. அத்தனை கரைகள் இன்றும் இருப்பதற்கு அந்தப் பயமும் ஒரு காரணம். 1999இல்கூட கிளேரில் லட்டூன் என்ற இடத்தில் புதிய சாலைக்காகத் தனியாக நின்ற ஒரு முள்மரத்தை வெட்டப்போக, கதைசொல்லி எடி லெனிஹன் அது மேட்டு ஜனங்கள் கூடுமிடம் என்று குரல் கொடுத்து, கடைசியில் மரத்தை விட்டுவிட்டுச் சாலையைப் போட்டார்கள்.

இவர்களைக் கிறிஸ்தவக் கணக்குக்குள் எப்படி வைப்பது? ஜனங்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். லூசிஃபர் கலகம் செய்தபோது இந்தப் பக்கமும் சேராமல் அந்தப் பக்கமும் சேராமல் நின்ற தேவதூதர்கள்தான் இவர்கள், நரகத்துக்கும் போகாமல் மோட்சத்துக்கும் போகாமல் பூமியில் விழுந்துவிட்டார்கள். ஒரு கதையில் ராத்திரி வழிப்போக்கரான ஒரு பாதிரியாரை அவர்கள் நிறுத்தி, கடைசி நாளில் எங்களுக்கு மீட்பு உண்டா என்று கேட்கிறார்கள். உங்கள் உடம்பில் பெயரை எழுதும் அளவுக்கு ஒரு துளி ரத்தம் இருந்தால் உண்டு என்கிறார் அவர். அவர்களிடம் ரத்தம் இல்லை. பெரிய அழுகைச் சத்தத்தோடு போய்விடுகிறார்கள். இந்தக் கதையைச் சொன்ன மனிதர்களுக்கு அவர்கள்மேல் இரக்கம் இருந்தது, அதை மறந்துவிடாதீர்கள்.

ஆனால் இந்த நம்பிக்கைக்கு இன்னொரு முகம் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்ன மாதிரி. 1895 மார்ச், டிப்பரரி மாவட்டத்தில் பிரிஜெட் கிளியரி என்ற 26 வயதுப் பெண், தையல் வேலை செய்து சொந்தமாகச் சம்பாதித்தவர், நோயில் படுத்தார். கணவன், இது என் மனைவி இல்லை, மேட்டு ஜனங்கள் அவளைக் கொண்டுபோய் இதை வைத்துவிட்டார்கள் என்று முடிவு செய்தான். மூலிகைக் கஷாயத்தை வாயில் திணித்து, கடவுள் பேரால் நீ யார் சொல் என்று திரும்பத் திரும்பக் கேட்டு, கடைசியில் தீ வைத்துக் கொன்றான். தகப்பனும் உறவினர்களும் அந்த வீட்டில் இருந்தார்கள். அதற்குப் பிறகு மனைவி வெள்ளைக் குதிரையில் வருவாள் என்று பக்கத்து மேட்டில் இரவு காத்திருந்தான். நீதிமன்றம் 20 வருஷம் தண்டனை கொடுத்தது. சும்மா அழகான கதைகள் என்று இந்த நம்பிக்கையைக் கொண்டாடுகிறவர்கள், நோயாளியாகவும் ஊனமாகவும் இருந்த எத்தனை பிள்ளைகளை 'மாற்றி வைத்தது' என்று ஒதுக்கியிருப்பார்கள் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

அப்புறம் மதச் சீர்திருத்தம். இங்கிலாந்து அரசு 16ஆம் நூற்றாண்டில் அயர்லாந்தைப் புராட்டஸ்டன்ட் ஆக்கப் பார்த்துத் தோற்றது, காரணங்களில் பெரிய ஒன்று மொழி. மக்கள் மொழியில் ஜெபம் என்பதுதான் அந்த இயக்கத்தின் உயிர். அயர்லாந்தில் என்ன செய்தார்கள் தெரியுமா? 1560 சட்டம், ஆங்கிலம் தெரியாத பாதிரியார் வழிபாட்டை லத்தீனில் நடத்தலாம் என்றது. ஐரிஷில் நடத்தலாம் என்று சொல்லவில்லை. எலிசபெத் ராணி ஐரிஷ் அச்செழுத்துக்குப் பணம் கொடுத்து 1571இல் டப்ளினில், அயர்லாந்துக்குள் அச்சான முதல் ஐரிஷ் புத்தகம் வந்தது, ஆனால் புதிய ஏற்பாடு வருவதற்கு அடுத்த நூற்றாண்டே பிறந்துவிட்டது. பெடல் என்ற ஆங்கில ஆயர் ஐரிஷ் கற்றுப் பழைய ஏற்பாட்டை மொழிபெயர்க்க வைத்தார், 1642இல் அவர் இறந்து நாற்பது வருஷத்துக்கு மேல் கழித்து 1685இல்தான் அது அச்சேறியது. இதற்குள் இன்றைய பெல்ஜியத்தில் உள்ள லூவேன் மடத்து ஐரிஷ் பிரான்சிஸ்கன் துறவிகள் 1611 முதல் ஐரிஷில் ஞானோபதேசம் அச்சிட்டு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஜனங்களின் மொழியில் யார் பேசினார்களோ ஜனங்கள் அவர்களோடு நின்றார்கள். 1690களிலிருந்து கத்தோலிக்கர்களுக்கு எதிரான சட்டங்கள் வந்தபோது காட்டிலும் மலையடியிலும் பாறையை பீடமாக்கித் திருப்பலி வைத்தார்கள். கிணறுகளுக்குக் கூட்டமாகப் போவதையும் 1704 சட்டம் தடை செய்தது, போவது நிற்கவில்லை.

இப்போது ஒரு அத்தையையும் மருமகனையும் பற்றிச் சொல்ல வேண்டும். 1773 மே மாதம், கார்க் மாவட்டத்தில், ஆஸ்திரியப் படையில் தலைவனாக இருந்து ஊர் திரும்பிய ஆர்ட் ஓ லீரியைச் சுட்டுக் கொன்றார்கள். கத்தோலிக்கர் ஒருவர் வைத்திருக்கும் குதிரையை யாரும் ஐந்து பவுண்டு கொடுத்துக் கேட்டால் விற்றாக வேண்டும் என்பது அன்றைய சட்டம். ஆர்ட் தன் குதிரையை விற்க மறுத்தான். சவாரி இல்லாமல் ரத்தத்தோடு வீட்டுக்கு வந்த அந்தக் குதிரையைப் பார்த்ததும் மனைவி எய்லீன் அதன்மேல் ஏறிப் போய், செடிப்புதர் ஓரம் கிடந்தவனைக் கண்டு, துடைக்க நிற்காமல் அவன் ரத்தத்தைக் கையில் ஏந்திக் குடித்ததாக அவளே பாடிய ஒப்பாரியில் வருகிறது. ஐரிஷில் 'கீனா' என்பார்கள். நம் ஒப்பாரி கேட்டவர்களுக்கு அதன் நடை உடனே பிடிபடும்: என் கண்ணே என் துணையே என்று கூப்பிடுவது, முதல் முதலில் அவனைக் கண்ட சந்தை நாளைச் சொல்வது, எதிரியைச் சபிப்பது, நடுவிலே நாத்தனார் வந்து இவள் தூங்கப் போய்விட்டாள் என்று குத்த, இவள் குழந்தைகளைத் தூங்க வைக்கத்தான் போனேன் என்று பாட்டிலேயே திருப்பிக் கொடுப்பது. பாதிரியார்கள் இந்த ஒப்பாரியைப் பல காலம் கண்டித்தார்கள். எழுத்தில் வந்தது பிறகு, அந்தப் பக்கத்து ஒப்பாரிக்காரப் பெண் ஒருவர் நினைவிலிருந்து சொன்னதிலிருந்து. ஐரிஷ் இலக்கியத்தில் இதற்கு மேல் ஒரு பாட்டு எனக்குத் தெரியாது.

எய்லீனின் அண்ணன் தம்பியரில் ஒருவரின் மகன் டேனியல் ஓகானல், 1775இல் பிறந்தவர். ஐரிஷ் பேசும் குடியானவர் வீட்டில் தாதிப்பிள்ளையாக வளர்ந்தவர், 1829இல் கத்தோலிக்கர்களுக்கு நாடாளுமன்றக் கதவைத் திறந்துவிட்ட பெரும் தலைவர். அவர் ஐரிஷ் மொழி பற்றி என்ன சொன்னார்? இதயத்தோடு பின்னிய நினைவுகள் அதில் இருந்தாலும், ஆங்கிலம் அவ்வளவு பயனுள்ளது, ஐரிஷ் மெல்ல வழக்கொழிவதை ஒரு பெருமூச்சும் இல்லாமல் என்னால் பார்க்க முடியும் என்றார். அத்தையின் பாட்டு எந்த மொழியில் இருந்ததோ அதே மொழியைப் பற்றி. நான் அவரைக் குறை சொல்லவில்லை. வயிற்றுப்பாட்டுக்கும் உரிமைக்கும் ஆங்கிலமே வழி என்று அன்று எண்ணற்ற தாய் தகப்பன்மார் நினைத்தார்கள்.

மொழியைக் கொன்றது யார் என்ற கேள்விக்கு ஒரே ஆளைக் காட்ட முடியாது. 1795இல் தொடங்கிய மேனூத் குருமடம் ஆங்கிலத்தில் நடந்தது. 1831இல் வந்த அரசுப் பள்ளிகள் ஆங்கிலத்தில். பிள்ளையின் கழுத்தில் ஒரு குச்சியைக் கட்டி, ஐரிஷில் பேசும்போதெல்லாம் அதில் ஒரு வெட்டு, வெட்டுக்கு ஓர் அடி. பல இடங்களில் வீட்டில் அந்த வெட்டைப் போட்டது பெற்றோரே. தமக்குள் ஐரிஷில் பேசிக்கொண்டு, பிள்ளையிடம் தெரிந்த நாலு ஆங்கில வார்த்தையில் பேசிய பெற்றோர். 1845இல், ஏழைகள் உண்டு வாழ்ந்த உருளைக்கிழங்கில் நோய் விழுந்து பஞ்சம் வந்தது. அடுத்த சில வருஷங்களில் ஏறக்குறைய 10 லட்சம் பேர் செத்தார்கள், கிட்டத்தட்ட அதே அளவு பேர் கப்பலேறினார்கள். அதிகம் அடிபட்டது ஐரிஷ் பேசிய மேற்கும் தெற்கும். 1851 கணக்கெடுப்பில் ஐரிஷ் பேசுகிறவர் 15 லட்சம், 1911இல் ஆறு லட்சத்துக்கும் கீழே.

திருச்சபையும் மாறியது இதே சமயத்தில்தான். 1850இல் தர்ல்ஸ் நகரில் கூடிய ஆயர் மாமன்றத்துக்குப் பிறகு கல்லன் பேராயரின் தலைமையில் எல்லாம் கோயிலுக்குள் வந்தது: ஞாயிறு திருப்பலி, நவநாள், புதிய பெரிய கட்டிடங்கள். இழவு வீட்டு விளையாட்டும், கிணற்றைச் சுற்றிய திருவிழாக் குடியும், ஒப்பாரியும் அநாகரிகம் என்று ஒதுக்கப்பட்டன. அதைச் செய்த தலைமுறை பஞ்சத்தில் போய்விட்டதால் எதிர்ப்பும் பெரிதாக இல்லை. ஆயிரம் வருஷம் திருச்சபை செய்யாததை, மொழியிழந்த ஐம்பது வருஷத்தில் செய்ய முடிந்தது.

இதில் மொழி ஏன் அவ்வளவு முக்கியம் என்கிறீர்களா? ஐரிஷில் 'எனக்கு வருத்தம்' என்பதை 'வருத்தம் என்மேல் இருக்கிறது' என்பார்கள், பசியும் என்மேல் வரும், சளியும் பயமும் என்மேல் வரும். வெளியிலிருந்து ஏதோ ஒன்று ஆள்மேல் வந்து இறங்குகிற இந்த இலக்கணத்துக்குள் மேட்டு ஜனங்களின் தீண்டல் இயல்பாக உட்கார்ந்துகொள்ளும். இலக்கணமே நம்பிக்கையை உண்டாக்கிவிடும் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் ஒரு பாட்டி பேரப்பிள்ளையிடம் சொல்ல வேண்டிய கதைக்கு ஒரு வழி வேண்டும். பாட்டிக்கு ஆங்கிலம் வராது, பிள்ளைக்கு ஐரிஷ் வராது, கதை நடுவிலே நின்றுவிடும்.

அதை உணர்ந்தவர்கள் உணர்ந்த வேகத்தில் ஓடினார்கள். ஒரு புராட்டஸ்டன்ட் பாதிரியாரின் மகனான டக்ளஸ் ஹைட் 1893இல் ஐரிஷ் மொழியைக் காப்பாற்றக் கேலிக் லீக் என்ற சங்கத்தைத் தொடங்கினார், பிற்காலத்தில் நாட்டின் முதல் குடியரசுத் தலைவர் ஆனார். 1935இல் நாட்டார் வழக்காற்று ஆணையம் வந்தது. அதன் ஆட்கள் எடிஃபோன் என்ற மெழுகுருளைப் பதிவுப் பெட்டியைச் சைக்கிளிலும் காரிலும் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள், உருளைக்குக் காசு பற்றாமல் பதிவை எழுத்தில் எடுத்ததும் மெழுகைச் சிரைத்துவிட்டு மறுபடி பயன்படுத்தினார்கள், குரல் போய் எழுத்து மட்டும் நின்றது. 2022 கணக்கெடுப்பில் ஐரிஷ் தெரியும் என்றவர்கள் ஏறக்குறைய 18 லட்சத்து 74 ஆயிரம், பள்ளிக்கு வெளியே தினம் பேசுகிறவர்கள் 72 ஆயிரத்துக்கும் சற்றுக் குறைவு. அடுத்த வருஷம் முதல் பிரிகிட்டின் நாளை ஒட்டி பிப்ரவரியில் அரசு விடுமுறை விடுகிறார்கள்.

இதையெல்லாம் நீங்களே தொட்டுப் பார்க்க வேண்டுமானால் பள்ளிக்கூடத் தொகுப்பிலிருந்து தொடங்குங்கள். 1937 முதல் 1939 வரை அயர்லாந்தின் தொடக்கப் பள்ளிகளில் மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள்: வீட்டுக்குப் போய்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வா. ஏறக்குறைய ஐம்பதாயிரம் பிள்ளைகள் எழுதினார்கள், அந்த நோட்டுகள் இன்று இணையத்தில் இலவசமாகக் கிடக்கின்றன. பல ஊர்களில் அதற்குள் ஐரிஷ் போய்விட்டதால் நிறைய நோட்டுகள் ஆங்கிலத்தில். மை ஊறிய சின்னக் கையெழுத்தில் ஆங்கிலம் ஒழுங்காக ஓடிக்கொண்டே வரும், மேட்டுக் கரையின் பெயரோ, முள்மரத்தின் பெயரோ, கிணற்றைச் சுற்றும் திசையோ வரும் இடத்தில் திடீரென்று ஓர் ஐரிஷ் வார்த்தை நிற்கும், எழுத்துக்கூட்டல் தப்பாக, தாத்தா சொன்ன சத்தத்தை அப்படியே பிடித்து எழுதிய மாதிரி.